பதினொன்றாம் பக்கம்

நெய்தங்கோட்டகம்
12.10.2024

அன்புத் தங்கை ஹஃப்ஸாவுக்கு, காக்கா மீரா உசேன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை நான்தான் எழுதுகிறேன். என் கை, என் பேனா. யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவில்லை. நம்பாவிட்டால் உன் மச்சி ஜன்னத்துக்குப் போன் போட்டுக் கேள். அவள் எதிரில்தான் இருக்கிறாள். "தங்கச்சிக்குக் கடுதாசியா, பத்திரமா? நாலு நாளா எழுதுறீங்க" என்கிறாள்.

ஆறு மாதமாக எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. அங்கன்வாடி அனுராதா டீச்சர் மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லித் தருகிறார். பதினோரு பேர். பத்துப் பெண்கள், நான் ஒருவன். எழுபத்திரண்டு வயதில் ஸ்லேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறேன். "ஒரே ஒரு ஆம்பளப் பிள்ள, அதுவும் தினம் லேட்டு" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன வாரம் பஸ் போர்டை நானே படித்தேன். திருத்துறைப்பூண்டி என்பது எவ்வளவு நீளமான ஊர்! படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸிலும் அதே எழுத்துதான் இருந்தது. பார்த்ததும் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வதை நிறுத்தாதே. ஆனால் போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. வாத்தியார் பழக்கம். கடிதம் என்றால் நீ கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சம்பா தெளித்தாகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் உண்டு. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஜன்னத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது. கூட்டெழுத்தாக எழுதாதே, தனித்தனியாக எழுது.

உன் காக்கா
மீரா உசேன் (கையெழுத்து. கைநாட்டு அல்ல.)

*

புனே
24.10.2024

பாசமுள்ள காக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதத்தை வகுப்பறைக்கே எடுத்துப் போய்விட்டேன். கிரேக்க எழுத்தும் லத்தீன் எழுத்தும் படிக்கிற பிள்ளைகளிடம், "இது என் காக்கா எழுதியது, இதைப் போல ஒரு வரி எழுதுங்கள் பார்ப்போம்" என்றேன். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் கை தட்டினார்கள்.

நீங்கள் சந்தோஷப்படுகிற மாதிரி நானும் ஒன்று வைத்திருக்கிறேன். வருகிற ஜூன் முப்பதாம் தேதி எனக்கு ஓய்வு. முப்பத்திரண்டு வருடம் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன் என் வேலையைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது. இதுவரை எழுதியதெல்லாம் ஆங்கிலம். இது தமிழ். நம் வீட்டில் யார் படிப்பார்கள் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டார்!

முதல் அத்தியாயத்தின் அச்சுப் படியை இதனுடன் அனுப்புகிறேன். இருபத்திரண்டு பக்கம். நம் கீழத்தாக்கு வயலில் 1987இல் எனக்குக் கிடைத்த ரோமானியச் சாடித் துண்டுகளின் கதைதான். அந்தத் துண்டுகளைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் ஏதென்ஸில் படிக்க உதவித்தொகை கிடைத்தது, வேலை கிடைத்தது, எல்லாம் கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் என் முதல் வகுப்பு நம் வயலில்தான் தொடங்கும். மெதுவாகப் படியுங்கள். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்புகிறேன். மச்சியை இனிப்புப் பக்கம் விடாதீர்கள்.

உங்கள் ஹஃப்ஸா

*

நெய்தங்கோட்டகம்
22.11.2024

அன்புள்ள ஹஃப்ஸாவுக்கு, ஸலாம். இங்கே மழை, சகதி, கொசு. மற்றபடி எல்லோரும் சுகம். நீ குளிருக்குத் தலையை மூடிக்கொள்.

ஒரு நாளைக்கு அரைப் பக்கம் படிக்கிறேன். எட்டாம் பக்கத்தில் இருக்கிறேன். நீ நன்றாக எழுதுகிறாய். இதை உன்னிடம் யாராவது சொன்னார்களா?

ஆறாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தக் காலத்துச் சாடிக்கு இரண்டு கைப்பிடி, அடி மட்டும் முள்ளங்கி மாதிரி கூராக இருக்கும், கப்பலில் வரிசையாகச் செருகி வைப்பார்கள், மண்ணில் கறுப்புப் புள்ளி இருக்கும், அது எரிமலை மண் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு தூரத்து எரிமலை மண்ணா நம் ஏர்முனையில் வந்து மாட்டியது! வகுப்பில் இந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். "அடி கூரா இருந்தா வீட்டுல எப்படி நிக்கும்?" என்று ஒரு அம்மா கேட்டார். தங்கச்சியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சொல்.

ஊர் முகப்பில் பஞ்சாயத்து வைத்த போர்டையும் படித்துவிட்டேன். 'ரோமானியச் சாடி கிடைத்த ஊர்' என்று இருக்கிறது. இத்தனை வருடம் அதன் கீழேதான் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன். நம் தங்கையன் டீக்கடைக்குப் பெயர் 'ரோமாபுரி டீ ஸ்டால்'. நான் சாமி பெயர் என்று நினைத்திருந்தேன்.

ஜன்னத் ஸலாம் சொல்கிறாள். லட்டு தின்கிறாள்.

காக்கா

*

புனே
04.12.2024

பாசமுள்ள காக்காவுக்கு ஸலாம். தைலம் வந்ததா? தேய்த்தீர்களா, அலமாரியில் வைத்தீர்களா?

அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: வீட்டில் மண்ணிலோ மணலிலோ குழி செய்து நிறுத்துவார்கள், இல்லையென்றால் ஒரு வளையத்தில் வைப்பார்கள். என் மாணவர்கள் இந்தக் கேள்வியை இரண்டாம் வருடத்தில்தான் கேட்பார்கள். அவரைப் புனேவுக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்து வருகிற பக்கங்கள்தான் முக்கியம். படித்ததும் எழுதுங்கள். லட்டுக்காக மச்சியிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

ஹஃப்ஸா

*

நெய்தங்கோட்டகம்
29.12.2024

ஹஃப்ஸாவுக்கு, ஸலாம். சுகம். சுகத்துக்கு எழுது.

தைலம் தேய்த்தேன். மழை விட்டது. கதிர் வருகிறது. தங்கையன் பேரனுக்கு மொட்டை போட்டார்கள்.

பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறேன். ஒரு வயலில் இருக்கிற மண் அந்த வயலின் மண்ணாக இல்லாமல் வேறு ஊர் மண்ணாக இருந்தால், அதில் கிடைத்த சாமானுக்கும் நீ எழுதியிருப்பதுதான் கணக்கா? சும்மாதான் கேட்கிறேன்.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

காக்கா

*

புனே
09.01.2025

பாசமுள்ள காக்காவுக்கு ஸலாம். நலமா? உங்கள் கடிதம் இந்தத் தடவை ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டது?

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதையே சொல்கிறேன். எங்கள் வேலையில் பொருளைவிட இடம் பெரியது. கிடந்த இடத்தில் கிடந்தால் அந்த ஓடு பேசும். யார் கொண்டுவந்தார்கள், எங்கே தங்கினார்கள் என்று சொல்லும். வேறு இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், அது வெறும் ஓடு. அதை வைத்து எழுதியதெல்லாம் போச்சு. கிழித்துப் போட வேண்டியதுதான்.

நல்ல வேளை, நம் கீழத்தாக்கில் அந்தப் பயம் இல்லை. பின்னால் இரண்டு முறை வந்து குழி வெட்டியபோது ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குக் கடைசி வரை புரியாத ஒன்று. உப்பும் வெள்ளமும் அழித்திருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் நடுவில் அச்சுக்குப் போகிறது. ஜூனில் தஞ்சாவூரில் வெளியீடு. நீங்கள்தான் முதல் வரிசை. மீதிப் பக்கங்களையும் சீக்கிரம் படியுங்கள். போனிலும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். கண்ணாடி மாற்ற வேண்டுமா?

ஹஃப்ஸா

*

நெய்தங்கோட்டகம்
24.02.2025

என் தங்கை ஹஃப்ஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இது ஐந்தாவது தடவை எழுதுகிற கடிதம். நான்கைக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும் என்று அனுராதா டீச்சர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

உன் பதினொன்றாம் பக்கத்தில் நடுவில் இப்படி இருக்கிறது: 'கீழத்தாக்கின் மேல்மண்ணும் அடிமண்ணும் ஓரிடத்து மண். இதை யாரும் வேறெங்கிருந்தும் கொண்டு வரவில்லை. ஆகவே கடல் கடந்து வந்த வணிகர்கள் தங்கியது நெய்தங்கோட்டகத்தில்தான்.'

ஹஃப்ஸா, கொண்டு வந்தோம். நான்தான் கொண்டு வந்தேன்.

1985 கோடை. நீ தஞ்சாவூர் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். கீழத்தாக்கு அப்போது உப்புப் பூத்துக் கிடந்தது, உனக்கு நினைவிருக்கும். ஜன்னத்தின் ஊர் புன்னைத்தோப்பில் மரைக்கான் குளத்தைத் தூர் எடுத்தார்கள். "மாப்பிள்ளை, வண்டி கட்டிக்கிட்டு வாங்க, வேணும்கிற வண்டலை அள்ளிக்கிட்டுப் போங்க" என்று என் மாமனார் ஆள் அனுப்பினார். நானும் தங்கையனும் ஆளுக்கு ஒரு கட்டைவண்டியில் மூன்று மைல் போய், பதினேழு நாள் மண் அடித்தோம். கீழத்தாக்கில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினோம். அதன் பிறகுதான் அங்கே நெல் விளைந்தது. இரண்டு வருடம் கழித்து நீ அந்த மண்ணில்தான் சாடியை எடுத்தாய்.

நீ இரண்டு முறை குழி வெட்டியபோது நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். நெல்லைக் கேட்டாய், வெள்ளத்தைக் கேட்டாய், தாத்தா காலத்து வரப்பைக் கேட்டாய். மேல்மண் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வயலுக்கு மண் அடிப்பது ஊரில் எல்லோரும் செய்வது. அதைப் போய்ப் படித்த பிள்ளையிடம் சொல்வார்களா? நீ இங்கிலீஷில் என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. சாடி கிடைத்தது என்று மட்டும்தான் தெரியும். அது பொய்யில்லையே.

நான் எழுத்துப் படிக்காமல் இருந்திருந்தால் உன் புத்தகம் நிம்மதியாக வந்திருக்கும். ஒரு மாதம் இதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். ஆனால் தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று நீதான் எழுதினாய். தெரிந்தும் சொல்லாமல் முதல் வரிசையில் போய் உட்கார எனக்கு முடியாது.

தங்கையனிடம் கேட்டேன். "நான் வண்டியே ஓட்டலை பாய். எனக்கு ஞாபகம் இல்லை" என்கிறான். டீக்கடைப் பெயர் போய்விடும் என்று பயம்.

நோன்பு வருகிறது. வேளைக்குச் சாப்பிடு. கோபம் இருந்தால் அதையும் எழுது.

காக்கா

*

நெய்தங்கோட்டகம்
03.04.2025

அன்புள்ள ஹஃப்ஸாவுக்கு, ஸலாம். பெருநாள் வாழ்த்து.

நான் கடிதம் போட்டு முப்பத்தெட்டு நாள் ஆகிறது, உன் பதில் வரவில்லை. நான்கு ஞாயிறு நீ போன் செய்யவில்லை. நாங்கள் போட்டாலும் எடுக்கவில்லை. பெருநாளுக்கு மட்டும் ஜன்னத்திடம் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டாய். நீ உயிரோடு, சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தது. அது போதும். மீதியை நான் எழுதுகிறேன்.

ஜன்னத்திடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். "அப்ப உங்க தங்கச்சி படிச்சது, பட்டம் வாங்கினது, சீமைக்குப் போனது, எல்லாம் எங்க வாப்பா குடுத்த மண்ணுலயா? நாற்பத்தஞ்சு வருஷமா என்ன கொண்டாந்தே, என்ன கொண்டாந்தேன்னு கேட்டாரே உங்க வாப்பா! கொண்டாந்திருக்கேன்!" என்றாள். அன்றிலிருந்து எனக்கு டீ வைக்கும்போது பாட்டுப் பாடுகிறாள்.

இப்போது முக்கியமான விஷயம். பெருநாளன்று புன்னைத்தோப்புக்கு மச்சான் உபைதுல்லா வீட்டுக்குப் போனோம். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி, மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைப்பது. தண்ணீர் இறங்க அடியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை ஒரு மண் கட்டையால் அடைத்திருக்கிறார்கள். உபைதுல்லா அதைப் பிடுங்கித் தண்ணீரை விட்டான். நான் பார்த்தேன்.

முள்ளங்கி.

உன் ஆறாம் பக்கம், ஹஃப்ஸா! கூரான அடி. ஒரு சாண் நீளம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மண்ணில் கறுப்புப் புள்ளி. "இது எங்க கெடைச்சுது?" என்றேன். "குளத்துல தூர் எடுத்தப்ப வாப்பா எடுத்துட்டு வந்தது மச்சான். ஓட்டைக்குச் சரியா இருந்துச்சு. நாற்பது வருஷமா ஒரு சொட்டுக் கசியலை" என்றான்.

என் கல்யாணத்துக்கு அப்புறம் நீ அந்த வீட்டில் எத்தனை விருந்து சாப்பிட்டிருப்பாய்? அந்தத் தொட்டியில்தான் ஒவ்வொரு தடவையும் கை கழுவினாய்.

எனக்குக் கொடு என்று கேட்டேன். தரமாட்டேன் என்கிறான். "தொட்டிக்கு வேற அடைப்பு கொண்டாந்துட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, புரொபசரா இருந்தா என்ன?" என்கிறான்.

இதற்காவது பதில் போடு.

காக்கா

*

புனே
14.04.2025

என் காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் மன்னிப்பு. உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்ததும் உங்கள் மேல் கோபம் வந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதச் சொன்னீர்கள். நீங்கள் ஏன் படித்தீர்கள் என்றுகூட நினைத்தேன். பிறகு என் மேல் கோபம் வந்தது. குடை பிடித்தவரிடம் ஒரு கேள்வி கேட்காமல் போனேனே! போனை எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான் எடுக்கவில்லை.

அச்சகத்துக்கு அன்றைக்கே போன் செய்து நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னேன். முப்பத்திரண்டு வருடமாக முதல் வகுப்பில் சொன்னதைக் கடைசி வகுப்பில் திருப்பி எடுத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "மேடம், அதனால்தானே குழியில் ஒன்றும் கிடைக்கவில்லை?" என்றாள். காக்கா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பும் இல்லை, வெள்ளமும் இல்லை. கீழே ஒன்றும் இருக்கவே இல்லை! இத்தனை வருடம் உறுத்தியது ஒரு நிமிடத்தில் போய்விட்டது.

ஆனாலும் கையில் வெறும் ஓடுதானே மிச்சம் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது உங்கள் முள்ளங்கி வந்தது. அறையில் தனியாக இருந்து அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து அறைப் பேராசிரியர் கதவைத் தட்டிவிட்டார்.

வெறும் ஓடு இல்லை, காக்கா. ஊர்தான் மூன்று மைல் தள்ளிப் போய்விட்டது. குளம் வற்றியதும் மே மாதம் வருகிறேன். இரண்டு மாணவர்கள் கூட வருவார்கள். தோண்ட அரசாங்க அனுமதி வேண்டும், அதற்கு எழுதிவிட்டேன். இப்போதைக்கு மேலே கிடப்பதை மட்டும் பார்ப்போம். அதுவரை அந்த அடைப்பை யாரும் தேய்த்துக் கழுவ வேண்டாம். சாம்பல் போடவே வேண்டாம்!

ஓட்டையின் அளவை ஈர்க்குச்சியில் எடுத்து அனுப்புங்கள். மச்சியிடம் சொல்லுங்கள், அவர் கொண்டுவந்த சீரைப் புத்தகத்தில் எழுதப் போகிறேன்.

உங்கள் தங்கை
ஹஃப்ஸா

*

நெய்தங்கோட்டகம்
20.08.2025

அன்புத் தங்கை ஹஃப்ஸாவுக்கு, காக்காவின் ஸலாம். வெளியீடு முடிந்து நீ புனே போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. ஓய்வு பெற்றவள் ஓய்வாக இரு. என் முழங்காலில் வலி இல்லை. தஞ்சாவூரில் முதல் வரிசை நாற்காலி மெத்தையாக இருந்தது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஊர்ச் செய்தி. மே மாதம் நீ குளத்தில் முப்பத்தொரு துண்டு பொறுக்கி எடுத்ததிலிருந்து புன்னைத்தோப்புக்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. போர்டு வைக்கப் போகிறார்கள். ஜன்னத் அங்கே போனால் நாற்காலி போடுகிறார்கள். இங்கே நம் பஞ்சாயத்தில் போர்டை எடுப்பதா என்று கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து, "சாடி இங்கதானே கெடைச்சுது? போர்டுல பொய் இல்லையே" என்றேன். விட்டுவிட்டார்கள்.

தங்கையனுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தான் ஓட்டிய வண்டியில்தான் சாடி வந்தது என்று டீ குடிக்க வருகிறவர்களிடம் சொல்கிறான். கடைப் பெயரையும் மாற்றிவிட்டான். 'ரோமாபுரி செல்லும் வழி டீ ஸ்டால்.' எழுதியவருக்கு நான்தான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

உபைதுல்லாவுக்கு மட்டும் குறை. நீ புனேயிலிருந்து கடைந்து கொண்டுவந்த தேக்கு அடைப்பு கசிகிறதாம். "ரோமாக்காரன் செஞ்சது கசியலையே, மச்சான்" என்கிறான். பழைய அடைப்பைத் தாசில்தார் முன்னால் ஒப்படைத்தபோது அழாத குறையாக நின்றானே, இப்போது பேசுகிறான்.

புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி படிக்கிறேன். நேற்று பதினொன்றாம் பக்கத்துக்கு வந்தேன். இப்படி இருக்கிறது: 'கீழத்தாக்கின் மேல்மண் புன்னைத்தோப்பு மரைக்கான் குளத்து வண்டல். 1985 கோடையில் என் காக்கா மீரா உசேனும் அவர் நண்பர் தங்கையனும் பதினைந்து நாள் வண்டியடித்துக் கொண்டு வந்தது. இது தெரியாமல் நான் எழுதியவை தவறு. இந்தப் பக்கத்தின் முதல் வடிவத்தைப் படித்துத் தவறைக் கண்டவர் அவரே.'

மூன்று தடவை படித்தேன். பிறகு ஜன்னத்துக்குப் படித்துக் காட்டினேன். "எங்க வாப்பா பேரு எங்கே?" என்றாள். அடுத்த வரியைக் காட்டினேன். அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஒரு தப்பு இருக்கிறது. பதினைந்து நாள் இல்லை, பதினேழு நாள். நான் தெளிவாக எழுதியிருந்தேன். அடுத்த பதிப்பில் மாற்றிவிடு.

மற்றபடி இந்தப் பக்கம் சரி. எட்டு மாதம் இதிலேயே நின்றுவிட்டேன். நாளைக்குப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்புகிறேன்.

உன் காக்கா
மீரா உசேன்